ஏடு எடுக்காத பால்

பெரம்பலூர்,
24.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி வெற்றிச்செல்வி எழுதுவது. நீங்களும் அண்ணனும் சுகம்தானே? டீக்கடையில் வியாபாரம் எப்படி? என் சுகத்தைத்தான் நேற்று வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போனீர்களே. முகத்தில் மட்டும் இருபத்தேழு முத்து. எண்ணக் கூடாது என்று அம்மா சொல்லியும் எண்ணிவிட்டேன்.

பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாளா ஒருத்திக்கு அம்மை போடும்? டாக்டரம்மா சொன்னதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். "கொப்புளம் காயற வரைக்கும் புள்ளைய தள்ளி வச்சிருங்க. மார்ல முத்து இல்ல, அதனால பால பீய்ச்சிக் குடுக்கலாம். அது ஒண்ணும் பண்ணாது." குட்டிக்கு ஊசியும் போட்டாயிற்று. உங்களுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டதால் தைரியமாக உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ தெரியவில்லை.

அம்மை போட்ட வீட்டிலிருந்து ஒரு சாமானும் வெளியே போகக் கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம். "பாலு மட்டும் போலாமாடி?" என்றாள். "புள்ளையே போயிட்டானேம்மா" என்றேன். அதைக் கேட்டதும் அவளே பால் வைக்கிற பெட்டிக்குள் ஒரு கொத்து வேப்பிலையைப் போட்டு, "ஆத்தா தொணைக்குப் போறா" என்று அனுப்பிவிட்டாள்.

ஏற்பாடு இதுதான். மருந்துக்கடையில் வாங்கிய கைப் பம்பால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பீய்ச்சி, பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்கிறேன். உங்கள் தம்பி காலையில் சிமெண்ட் ஆலைக்கு வரும் வழியில் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியை உங்கள் கடையில் கொடுப்பார். மாலையில் காலி பாட்டிலை வாங்கி வருவார். பாட்டிலைக் கொதிக்க வைத்துக் கொள்ளுங்கள். சங்கில்தான் ஊட்ட வேண்டும், ரப்பர் வேண்டாம்.

போனில் பேச முடியவில்லை அண்ணி. நேற்று வீடியோவில் அவன் அழுததும் எனக்குப் பால் தானாக வடிந்து சேலை நனைந்து, நானும் அழுது, ஜுரம் ஏறிவிட்டது. உங்கள் கடையில் போனை எடுத்தாலோ டீ குடிக்கிறவர்கள் எல்லாரும் பதில் சொல்கிறார்கள். அதனால் பெட்டியிலேயே கடிதம் வைக்கிறேன். வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்துவிட்டுப் படியுங்கள்.

இரண்டு கிலோ முந்நூறுதான் இருக்கிறான். இரண்டுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் எடை போட்டு எனக்கு எழுதுங்கள். என்னிடம் திரும்பி வரும்போது என்னிடம் குடிக்க அவனுக்கு மறந்திருக்கக் கூடாது. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
வெற்றி


அரியலூர்,
26.3.2025

அன்புள்ள வெற்றிக்கு,

அண்ணி ஹேமலதா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உடம்பு எரிச்சல் குறைந்ததா? இளநீர் குடிக்கிறாயா? நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. கடைசியாக எழுதியது மின்வாரியத்துக்கு. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

உன் கடிதத்தை நீ சொன்னபடி துவைக்கிற கல்லில் காயவைத்தேன். காற்றில் கிளம்பி பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டது. உன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப் பிடித்து வந்தார். கடைக்கு வந்தவர்கள் கரன்சி நோட்டு என்று நினைத்துக் கூட ஓடினார்கள்.

உன் பாலுக்குக் கடை ஃபிரிட்ஜில் மேல் தட்டை ஒதுக்கிவிட்டோம். தெரியாமல் யாராவது டீ போட்டுவிடுவார்கள் என்று உன் அண்ணன் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்: "இது முதலாளி பால். கை வைக்காதே." அதிலிருந்து குட்டிக்குச் சின்ன முதலாளி என்று பேராகிவிட்டது. "சின்ன முதலாளி எந்திரிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிரைவர்கள் டீயே வாங்குகிறார்கள்.

பாலைப் பற்றி நீ கவலைப்படாதே. பதினாலு வருஷமாகப் பாலில் புழங்குகிற கை இது. ஒரு பாலுக்கு என்னென்ன பக்குவம் செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்துதான் கொடுக்கிறேன். ஒரு தூசி போகாது.

கல்யாணமாகி அதே பதினாலு வருஷமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம் இப்போது கேட்கிறது. உனக்கு அம்மை போட்டதால் கேட்கிறது என்று நினைத்தால் சந்தோஷப்படவும் பயமாக இருக்கிறது. நீ சீக்கிரம் குணமாகு.

இப்படிக்கு,
அண்ணி


பெரம்பலூர்,
2.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வெற்றி எழுதுவது. அண்ணன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே இறங்கிவிட்டது என்று நினைத்த முத்து இன்னொரு வரிசை போட்டிருக்கிறது. சளியும் நெஞ்சில் கட்டியிருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பால் மட்டும் கொடுக்கலாம் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

அண்ணி, வெள்ளிக்கிழமை போட்ட எடையை நீங்கள் எழுதவில்லை. நாலு நாளாகக் காலி பாட்டில் வருகிறது, கடிதம் வரவில்லை. உங்கள் தம்பியைக் கேட்டால், "அக்கா நல்லாருக்கான்னுச்சு" என்று சட்டையைக் கழற்றப் போய்விடுகிறார். நல்லா இருக்கிறான் என்றால் எத்தனை கிராம் நல்லா இருக்கிறான்?

எடை ஏறவில்லையா? "ஒம் பாலு தண்ணியா இருக்குமோ என்னமோ" என்று அம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலில் மேலே அரை விரல் கனத்துக்கு மஞ்சளாக ஏடு கட்டுகிறது. இந்த உடம்பில் இவ்வளவு அரிப்புக்கு நடுவிலும் இது சுரக்கிறதே, அவ்வளவும் அவன் கன்னத்தில் சேருமே என்று ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்கிறேன். ஆனாலும் என்னிடம்தான் ஏதோ குறை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். தாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
வெற்றி


அரியலூர்,
5.4.2025

வெற்றிக்கு,

உன் உடம்பு தேவலையா என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

போன வாரம் எடை இரண்டு கிலோ இருநூற்றைம்பது. நேற்று இரண்டு கிலோ இருநூறு. ஏறவில்லை, இறங்கிவிட்டது. அடுத்த வாரம் ஏறிவிட்டால் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று மறைத்தேன். குறை உன்னிடம் இல்லை. என்னிடம்தான்.

நேற்று சுகாதார நிலையத்தில் நர்ஸ் லாவண்யா, "பால எப்டிக் குடுக்குறீங்கன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்றது. நான் பெருமையாகத்தான் சொன்னேன். பெட்டி வந்ததும் பாட்டிலில் மேலே கட்டியிருக்கிற ஏட்டைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுவேன், அவ்வளவு கொழுப்பு பச்சை வயிற்றுக்கு ஆகாது, மாந்தம் வந்துவிடும் என்று. அப்புறம் சட்டியில் ஊற்றி நன்றாகக் காய்ச்சி, ஆற்றி, வடிகட்டிக் கொடுப்பேன் என்று. பொங்கவே மாட்டேன் என்கிறது, இது என்ன பால் என்று நர்சிடமே கேட்டேன்.

அந்தப் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டது. "அக்கா, அது டீக்கடைப் பால் இல்லக்கா. அந்த ஏட்டுலதான் புள்ளைக்கு வெயிட்டே ஏறும். அத வழிச்சிட்டு, மிச்சத்தையும் காய்ச்சிட்டு, என்னத்தக் குடுத்தீங்க?" என்றது. பாட்டிலை லேசாக ஆட்டி ஏட்டைக் கலந்து, வெந்நீரில் நிறுத்தி வெதுவெதுப்பாக்கினால் போதுமாம். அடுப்பே கூடாதாம்.

பச்சைப் பாலை யாருக்காவது கொடுப்பார்களா என்றுதான் வெற்றி நினைத்தேன். எனக்குத் தெரிந்த பால் அது ஒன்றுதான். பெற்றிருந்தால் தெரிந்திருக்கும். உன் கடிதத்தில் ஏட்டைப் பற்றி எழுதியிருந்ததைத் திரும்பப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தாய்ப்பாலை எறும்பு மொய்க்கிற இடத்தில் ஊற்றினால் பெற்றவளுக்குப் பால் வற்றிவிடும் என்பார்களே, அதனால் எடுத்த ஏட்டைப் பின்பக்கம் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றித் தண்ணீர் விட்டேன். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமாம். நீ என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது.

ஹேமலதா


பெரம்பலூர்,
13.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம், உங்கள் சுகம் எழுதுங்கள். இப்போது அழுகிறீர்களா, நிறுத்திவிட்டீர்களா?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் அழுகைதான் வந்தது. பத்து நாளாக நான் சாமத்துக்கும் எழுந்து பீய்ச்சியதெல்லாம் கறிவேப்பிலைக்கா என்று. கோபமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் சட்டியில் பால் எப்போது பொங்கும் என்று நீங்கள் கரண்டியோடு காத்துக்கொண்டு நின்றதை நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அம்மை வந்த பிறகு முதல் சிரிப்பு. உதட்டோரத்தில் காய்ந்த பொருக்கு ஒன்று பிய்ந்து ரத்தம் வந்து, அம்மாவிடம் திட்டு வாங்கினேன். அந்தச் செடிதான் இப்போது அரியலூரிலேயே கொழுத்த கறிவேப்பிலையாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை எடை உங்கள் தம்பி சொன்னார். இரண்டு கிலோ நானூற்று இருபது! ஒரு வாரத்தில் இருநூற்று இருபது கிராம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தாமலே சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா சிறுவாச்சூர் ஆத்தாளுக்கு முடிந்து வைத்த மஞ்சள் துணியில் இன்னும் ஒரு முடிச்சு போட்டாள்.

அடுத்த வீட்டுக்காரி எட்டி நின்று சொல்கிறாள், ஒரு மாதம் சங்கில் குடித்த பிள்ளை அப்புறம் மார்பில் குடிக்காது என்று. அவள் வாய்க்குச் சர்க்கரை போடத் தோன்றவில்லை. அவன் பன்னிரண்டு நாள் என்னிடம் குடித்தவன். மறக்க மாட்டான்.

வியாழக்கிழமை வண்டி பஞ்சராகிப் பெட்டி உங்களிடம் மூன்று மணிக்குத்தான் வந்ததாமே. முதல் நாள் பாலும் தீர்ந்திருக்கும். அதுவரை பிள்ளையை எப்படிச் சமாளித்தீர்கள்?

இப்படிக்கு,
வெற்றி


அரியலூர்,
21.4.2025

அன்புள்ள வெற்றிக்கு,

உனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று, டாக்டரும் சரி என்றுவிட்டார் என்று தம்பி திருமுருகன் சொன்னான். உடம்பு தேறியது கேட்டு நிம்மதி. நாளைக்குக் குட்டியைக் கொண்டுவந்து விடுகிறோம். இந்தக் கடிதம் அவன் துணிப் பையில் இருக்கும்.

எடை இரண்டு கிலோ அறுநூற்று எண்பது. இடது பக்கம் ஒருக்களித்துப் போட்டால்தான் தூங்குவான். சங்கைப் பார்த்ததும் நாக்கை நீட்டுவான். வாயோரம் வழிவதை விரலால் ஒற்றி வாயிலேயே வைத்தால் கோபப்படாமல் வாங்கிக்கொள்வான். கண்ணாடித் தம்ளரில் கரண்டி அடிக்கிற சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பான், டீக்கடைக்காரன் வளர்ப்பு அப்படி.

பஞ்சரான அன்றைக்குச் சமாளித்தேன்.

உன் அண்ணன் ஃபிரிட்ஜில் எழுதினதை அழிக்க வேண்டாம் என்கிறார். நானும் அழிக்கவில்லை. இனிமேல் நீ மடியில் போட்டுக்கொண்டு ஆசை தீரக் கொடு.

இப்படிக்கு,
அண்ணி


பெரம்பலூர்,
12.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? இங்கே என் முகத்தில் பதினோரு தழும்பு நின்றுவிட்டது. குட்டி மூன்று கிலோ இருநூறு. பார்க்கிறவர்கள் எல்லாரும் உங்கள் தம்பி மூக்கு என்கிறார்கள்.

அண்ணி, அவன் என்னிடம் குடிக்கவில்லை.

வந்த அன்றைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு மடியில் போட்டேன். வாயை வைத்தான். பால் பீறிட்டு வந்ததும் புரையேறி முறுக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, யாரோ ஏமாற்றிவிட்டது போல அழுதான். இருபது நாளாக அதேதான். பசியோடு இருக்கும்போது, தூக்கத்தில், உட்கார்ந்து, படுத்து, எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். கடைசியில் பம்பை எடுத்துப் பீய்ச்சி சங்கில் கொடுத்தால், நல்ல பிள்ளையாகக் குடித்துவிட்டுத் தூங்குகிறான். பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறான், நான் பம்புக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பார்க்க வருகிறவர்கள், "ஏன்டி, மாருல பால வச்சுக்கிட்டு பாட்டில்ல கறந்து குடுக்குற? மாடா நீயி?" என்கிறார்கள். அம்மா அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்புகிறாள். நான் உள்ளே போய்விடுகிறேன்.

உங்களிடம் அழாமல் இருந்தான் என்று அண்ணன் சொன்னார். நீங்கள் எப்படி வைத்திருந்தீர்கள்? ஏதாவது செய்தீர்களா? இரண்டு நாள் வந்து கூட இருங்களேன். எனக்கு வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
வெற்றி


அரியலூர்,
20.5.2025

அன்புள்ள வெற்றிக்கு,

நலம். நீயும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும்.

கடையில் மாஸ்டர் லீவு. உன் அண்ணனுக்கு முழங்கால் வீக்கம். இப்போது வர முடியாது. எனக்கு என்ன தெரியும் வெற்றி, நான் பெற்றவளா? நர்சைக் கேள். வெயில் அதிகம், மோர் குடி.

அண்ணி


பெரம்பலூர்,
10.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் நம்பவில்லை. அதனால் திரும்பவும் கேட்கிறேன், நலமா?

ஞாயிற்றுக்கிழமை குட்டிக்குப் பேர் வைக்கிறதாக இருந்தோம். அம்மையால் தள்ளிப் போன விசேஷம். பத்திரிகை வைத்து, போனில் சொல்லி, உங்கள் தம்பி நேரிலும் வந்து கூப்பிட்டார். பதினோரு மணி வரை வாசலைப் பார்த்தேன். அண்ணன் மட்டும் நொண்டிக்கொண்டு வந்தார், கையில் வெள்ளி அரைஞாணோடு. "அவளுக்குத் தலவலிம்மா" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

என் பெரியம்மா சொன்னாள்: "புள்ள இல்லாதவ, காதுல பேரு சொல்லக் கூச்சப்பட்டிருப்பா. அதுவும் நல்லதுக்குத்தான். நீங்க நடத்துங்க." எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியவில்லை. "அவன் அத்தை வராம பேரு கிடையாது. எல்லாரும் சாப்புட்டுட்டுப் போங்க" என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வடை மிச்சம்.

மூன்று மாதப் பிள்ளைக்குப் பேர் இல்லை. தடுப்பூசி அட்டையில் 'வெற்றிச்செல்வி குழந்தை' என்றே இருக்கிறது. ஏட்டை எடுத்ததற்காக இன்னும் முகம் காட்ட வெட்கமா? அதை நான் அன்றைக்கே சிரித்து மறந்துவிட்டேன். வேறு என்ன? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

இப்படிக்கு,
வெற்றி


அரியலூர்,
14.6.2025

வெற்றிக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இந்தத் தடவை கிழிப்பதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். திருமுருகனிடம் கொடுக்கப் போவதில்லை.

பஞ்சரான வியாழக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்கே பால் தீர்ந்துவிட்டது. குட்டி கத்தத் தொடங்கினான். வெந்நீர் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தது. மாட்டுப்பால் கொடுக்க எனக்கே மனசு வரவில்லை. உன் அண்ணன் வண்டி ஏதாவது வருகிறதா என்று ரோட்டுக்கும் கடைக்குமாக நடந்தார். இரண்டரை மணிக்கு அழுகைச் சத்தமே போய் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினான். நான் உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டு அவனை மடியில் போட்டு வாயில் வைத்தேன்.

சப்பினான் வெற்றி. ஒன்றும் இல்லாததைச் சப்பிக்கொண்டு, என் விரலைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தூங்கினான். அப்புறம் விழித்து, என்னைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி அழுதான். ஏமாற்றிவிட்டாயே என்று கேட்டது போல இருந்தது. அந்த நேரம் பெட்டி வந்துவிட்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் பசிக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்வேன். அதற்குப் பிறகு நாலு தடவை செய்தேன். பாட்டிலில் பால் இருந்தது. அவனுக்குப் பசியும் இல்லை. அந்த நாலு தடவையும் எனக்காகச் செய்தது.

நீ எழுதியிருந்தாய், ஏமாந்தவன் போல அழுகிறான் என்று. படித்ததும் தெரிந்துவிட்டது. வெறும் மார்பைக் கொடுத்து ஏமாற்றினவள் நான். அதனால்தான் அவன் உன்னுடையதையும் நம்பவில்லை. உனக்கு வேண்டியது அது ஒன்றுதான் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். அதை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். இந்த வாயால் அவன் காதில் பேர் சொல்ல வேண்டாம் என்றுதான் வரவில்லை.

ஹேமலதா


பெரம்பலூர்,
28.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் தபால் இல்லை, நான்தான்.

எனக்குக் கோபம் வந்தது. ஏட்டுக்கு வந்தது போலச் சின்னக் கோபம் இல்லை. உங்கள் கடிதத்தை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அம்மாவிடமும் உங்கள் தம்பியிடமும் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. நான் இங்கே கட்டிலில் உட்கார்ந்து பம்பை அழுத்திக்கொண்டிருந்தபோது, அவன் உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. பால் என்னுடையது, தூக்கம் உங்களுடையதா என்று கத்த வேண்டும் போல இருந்தது. இதை எழுதாமல் விட்டால் நானும் உங்களை மாதிரி மூன்று தடவை கிழிக்க வேண்டிவரும்.

எட்டாம் நாள் மத்தியானம். அப்போதுதான் முழுவதும் பீய்ச்சி முடித்து, சங்கில் ஊட்டி முடித்திருந்தேன். வயிறு நிறைந்தும் தூங்காமல் சிணுங்கினான். உங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது. என்னிடம் அப்போது ஒரு சொட்டு இல்லை. வெறும் மார்பு. கோபத்தோடுதான் மடியில் போட்டேன், பார்ப்போமே என்று.

வாயை வைத்தான் அண்ணி. முறுக்கவில்லை. புரையேறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சப்பினான். கை துழாவி என் விரலைப் பிடித்தது. நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்படியே தூங்கிவிட்டான்.

மறுநாள் இங்கே உள்ள நர்சிடம் சொன்னேன். "அவனுக்கு மாரு பிடிக்காம இல்லம்மா. பாலு வேகமா வர்றதுதான் பயம். ஒரு மாசம் சங்குல குடிச்ச புள்ள, இப்படித்தான் இருக்கும். யாரும் ஒண்ணும் பண்ணல" என்றது. வெறும் மார்பில் சப்பிப் பழகினது நல்லதுதான், அது மறந்துபோகாமல் இருந்திருக்கிறது என்றும் சொன்னது. முன்பே வெறும் மார்பில் சப்பியிருக்கிறான் என்றுதான் சொன்னேன், உங்கள் பேரைச் சொல்லவில்லை.

இப்போதும் அவன் என்னிடம் குடிப்பதில்லை. இனிமேலும் குடிப்பான் என்று தோன்றவில்லை. பால் பாட்டிலில்தான், சங்கில்தான். கறந்து கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், ஆமாம், நாலு கிலோ அறுநூறு என்று சொல்கிறேன். ஆனால் தூங்குவது என்னிடம். அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான் இல்லை.

சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். ஜூலை ஏழு திங்கட்கிழமை. ஆத்தா சந்நிதியில் வைத்துப் பேர். காலை ஒன்பது மணிக்கு நீங்கள் அங்கே நிற்க வேண்டும். தலைவலி என்று அண்ணனைப் பொய் சொல்ல வைக்காதீர்கள், பாவம் மனிதர்.

இப்படிக்கு,
வெற்றி


பெரம்பலூர்,
17.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தை நாளைக் காலை உங்கள் தம்பி அங்கே வந்து கேட்டுக்கொள்வார். அவரோடு காரில் வருவது யார் தெரியுமா? உங்கள் அறிவரசன். அன்றைக்கு அவன் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டிய பேரை நீங்கள் அழுதுகொண்டே ஏழு தடவை சொன்னதில், இப்போது யார் கூப்பிட்டாலும் திரும்புகிறான். என் பெரியம்மாகூட, "அத்தைக்காரி நல்லா அழுத்தித்தான் சொல்லியிருக்கா" என்றாள்.

விஷயம் இதுதான். பிரசவ லீவு முடிந்ததுமே ஆபீசில் என்னைச் சென்னைக்கு ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். போகாவிட்டால் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவனை எங்கே விடுவது என்று உங்கள் தம்பி கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன்.

ஒரு மாதமாகப் பீய்ச்சிச் சேர்த்து உறையவைத்த பால் வெள்ளைப் பெட்டியில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டியிருக்கிறேன். பழையதை முதலில் எடுங்கள். ஃபிரிட்ஜில் அண்ணன் எழுதினது அழியாமல் இருக்கிறதா? மங்கியிருந்தால் இன்னொரு தடவை எழுதச் சொல்லுங்கள். அம்மா வழக்கம்போல வேப்பிலை வைத்திருக்கிறாள். அம்மையே இல்லையேம்மா என்றால், "வழி தெரிஞ்ச ஆத்தா, போயிட்டு வரட்டும்" என்கிறாள்.

வெந்நீரில் நிறுத்தி வெதுவெதுப்பாக்கினால் போதும். அடுப்பில் வைக்காதீர்கள். ஏடு எடுக்காதீர்கள், கறிவேப்பிலை இந்த வருஷத்துக்குக் குடித்தது போதும்.

இடது பக்கம் ஒருக்களித்துப் போடுவது உங்களுக்கே தெரியும். சங்கைப் பார்த்தால் இப்போது நாக்கை நீட்டுவதில்லை, கையை நீட்டித் தட்டிவிடுகிறான், கவனம். பகலில் ஒரு பாடு அழுதுவிட்டுத்தான் தூங்குவான். வயிறு நிறைந்த பிறகு வருகிற அழுகை அது, பசி இல்லை. பசிக்காத அந்த அழுகைக்கு என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும் அண்ணி.

அதை எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வெற்றி